முருகனா, முருங்கையா? இலைச் சாரமும் எலியும் கொலஸ்ட்ராலும்

மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அத்தை பிப்ரவரியில் ஒரு காகிதத்தை என் முன் நீட்டினார். அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனை. நவம்பரில் 6.8 ஆக இருந்த மொத்தக் கொலஸ்ட்ரால் 5.9க்கு இறங்கியிருந்தது. "எல்லாம் முருங்கை இலை செய்த வேலை" என்றார். மூன்று மாதங்களாகத் தினமும் காலையில் ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடித்திருக்கிறார். எலிகளுக்குக் கொடுத்து நிரூபித்துவிட்டார்கள் என்று கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்ததாம்.

அந்த மூன்று மாதங்களுக்குள் தைப்பூசமும் வந்துபோனது. அத்தை ஆண்டுதோறும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர். 48 நாள் விரதம்: மீன் கிடையாது, கோழி கிடையாது, முட்டை கிடையாது. காலையில் கடைக்குப் போய்ச் சாப்பிடும் ரொட்டி சானாய் என்னும் பரோட்டாவும், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் தேநீரும் நின்றுபோயின. தினமும் கோயிலுக்கு நடை. அப்படியிருக்க, அந்த 0.9ஐக் குறைத்தது முருகனா, முருங்கையா?

தீவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான்கு ஆண்டுகள் எலிகளுக்குச் சாரம் ஊட்டிக் காலம் தள்ளியவள் நான். இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் அந்த எலிகள் எல்லாம் உயிரை விட்டன. அத்தைக்குச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். மலேசியாவில் கொலஸ்ட்ராலை லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டு உறவினர்கள் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்கிறார்கள். நம் எண்ணை 38.67ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் கிடைக்கும். அத்தையின் 6.8 அங்கே 263, 5.9 அங்கே 228. பொதுவாக 5.2க்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல் என்றது. எனவே இந்தக் காகிதம் அத்தை வீட்டில் மட்டும் இல்லை.

கொலஸ்ட்ரால் விஷம் என்று நினைப்பவர்கள் உண்டு. உடலின் ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் அது வேண்டும். பித்த அமிலமும் சில ஹார்மோன்களும் அதிலிருந்துதான் உருவாகின்றன. அதில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரல் அதன் முக்கியப் பட்டறை. சிக்கல் என்னவென்றால், அது கொழுப்பு. இரத்தம் பெரும்பாலும் தண்ணீர். இரண்டும் ஒட்டாது. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வர ஃபெர்ரி வேண்டியிருந்ததுபோல, கொலஸ்ட்ராலை இரத்தத்தில் கொண்டுசெல்ல ஒரு படகு வேண்டும். புரதத்தால் போர்த்திய கொழுப்பு உருண்டைகள்தாம் அந்தப் படகுகள். சரக்கோடு உடலெங்கும் சுற்றும் படகு எல்டிஎல். மிச்சத்தை அள்ளிக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்பும் படகு எச்டிஎல். சுற்றி முடித்த எல்டிஎல் படகு கரை சேர, கல்லீரலில் படகுத்துறைகள் உண்டு. துறைகள் குறைந்தால் படகுகள் கடலிலேயே நெரிந்து, இரத்தக்குழாய்ச் சுவர்களில் மோதிச் சரக்கை இறக்கிவிடும். அந்தத் துறைகளைக் கண்டறிந்ததற்காகத்தான் மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆகவே ஓர் இலை கொலஸ்ட்ராலைக் குறைக்க வேண்டுமானால், பட்டறையில் உற்பத்தியைக் குறைக்கலாம், துறைகளைக் கூட்டலாம், குடலிலிருந்து உள்ளே ஏறுவதைத் தடுக்கலாம், பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறலாம். கடைசி வழி கொஞ்சம் தந்திரமானது. குடலுக்கு வரும் பித்த அமிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதை வெளியேற்றிவிட்டால், புதிய பித்த அமிலம் தயாரிக்கக் கல்லீரலுக்குக் கச்சாப்பொருள் வேண்டும்; உடனே துறைகளைத் திறந்து இரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும். அத்தைக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போனது. "கடன்காரன் வாசலில் நின்றால்தான் பெட்டியைத் திறப்பான் என்கிறாய்" என்றார்.

இனி இலைக்கு வருவோம். மலாயில் மெருங்கை, கேலோர் என்று அழைக்கப்படும் இந்த மரத்துக்கு அறிவியல் பெயர் மொரிங்கா ஒலிஃபெரா. அந்த மொரிங்கா நம் முருங்கைதான். உலகத்துக்கே பெயர் கொடுத்தவர்கள் நாம். மரம் எதுவென்று யாருக்கும் ஐயம் வராது. ஆனால் வேறு மூலிகைகளில் இந்த ஐயம் வரும். ஒரே பெயரில் மூன்று செடிகள் சந்தையில் புழங்கும். அதனால் ஆய்வுக்கு எடுக்கும் கிளையில் ஒன்றைப் பூவோ காயோ இருக்கும் நிலையில் அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளரிடம் காட்டி, உலர்தாவரக் காப்பகத்தில் எண் போட்டு வைப்பார்கள். கோலாலம்பூர் பக்கம் கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையத்தில் அப்படியொரு பெரிய காப்பகம் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து யாராவது "நீங்கள் ஆய்வு செய்தது அந்தச் செடியே இல்லை" என்றால், எடுத்துக் காட்ட அந்த உலர்ந்த கிளைதான் சாட்சி.

இலையை நிழலில் உலர்த்த வேண்டும். ஏன் நிழலில் என்றால், வெயிலின் சூடும் ஒளியும் சில பொருள்களைச் சிதைத்துவிடும். பினாங்கின் ஈரக்காற்றில் இது லேசான வேலை இல்லை. ஒருமுறை மழைக்கு மறுநாள் பறித்த நான்கு கிலோ இலையை நான் அவசரத்தில் அடுக்கடுக்காகப் பரப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அடியில் வெள்ளைப் பூஞ்சை. மொத்தத்தையும் குப்பையில் கொட்டினோம். பூஞ்சை பிடித்த இலையில் எது இலையின் வேலை, எது பூஞ்சையின் வேலை என்று பிரிக்க முடியாது. பூஞ்சையின் வேலை கொலஸ்ட்ராலில் எவ்வளவு பெரியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. பச்சை இலையை இடித்துப் பிழிந்தால் சாறு. தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால் கஷாயம். அத்தை குடித்தது அதுதான். காய்ந்த பொடியை ஏதாவது ஒரு கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, பிறகு அந்தக் கரைப்பானை ஆவியாக்கி விரட்டியபின் மிஞ்சுவது சாரம். ஆய்வுக் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் மூன்றாவது. செய்திகளில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

கரைப்பான் மாறினால் சாரமும் மாறும். ரசத்தில் புளியும் உப்பும் தண்ணீரில் கரைகின்றன. மிளகாயின் காரமும் பெருங்காயத்தின் மணமும் எண்ணெயில்தான் இறங்குகின்றன. அதனால்தான் தாளிக்கிறோம். ஆய்வுக்கூடமும் அதே கணக்கில் ஓடுகிறது. ஹெக்சேன் மெழுகு, எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களை இழுக்கும். எத்தனால் நடுத்தரம்; ஃபிளேவனாய்டு போன்ற தாவரப் பொருள்கள் அதில் நன்றாக வரும். தண்ணீர், சர்க்கரைகளையும் உப்புகளையும் சில டானின்களையும் தரும். ஊறவைத்துக் கலக்கியும் எடுக்கலாம். சாக்ஸ்லெட் கருவியில் திரும்பத் திரும்பக் கழுவியும் எடுக்கலாம். ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் 1879-இல் அந்தக் கருவியை உருவாக்கியது பாலின் கொழுப்பை அளக்க. மூலிகைக்காரர்கள் பிறகு சுவீகரித்துக்கொண்டார்கள். கடைசியில் சுழலும் குடுவையில் காற்றழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே எத்தனாலை ஆவியாக்கினால், அடியில் கரும்பச்சையாகத் தார்போல் ஒரு பசை மிஞ்சும். அதன் வாசனையை மறக்கவே முடியாது. நூறு கிராம் பொடியிலிருந்து பத்து கிராம் பசை கிடைத்தால் விளைச்சல் பத்து விழுக்காடு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் கணக்குப் போடும்போது வேண்டும்.

பசையில் என்ன இருக்கிறது என்று சில நிறச் சோதனைகள் செய்வார்கள். ஃபெர்ரிக் குளோரைடு விட்டால் கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ மாறினால் டானின் வகை; தண்ணீரில் குலுக்கி நுரை நின்றால் சப்போனின். இது ஆளைப் பார்க்காமல் ஊரை மட்டும் சொல்வதுபோல. எந்தப் பொருள், எவ்வளவு என்று அறிய இதைவிட நுட்பமான கருவிகள் வேண்டும். நிறச் சோதனையோடு நின்றுவிடும் கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எலிக்குக் கொடுக்கும் முன் இரண்டு படிகள். விலங்கு ஆய்வுக்கான நெறிக்குழுவிடம் அனுமதி பெற வேண்டும்: எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி எப்படிக் குறைக்கப்படும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தது நச்சுத்தன்மைச் சோதனை. ஒரே வேளையில் பெரிய அளவு, பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கொடுத்து, 14 நாள் பார்த்திருப்பார்கள். எலி சாகவில்லை, சோர்ந்து சுருளவில்லை என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று ஆய்வு அளவைத் தீர்மானிப்பது வழக்கம்.

அடுத்து, எலிக்குக் கொலஸ்ட்ராலை ஏற்ற வேண்டும். இது பலருக்குத் தெரியாது: வழக்கமான தீவனம் தின்னும் எலிக்குக் கொலஸ்ட்ரால் ஏறுவதே அபூர்வம். அது பிடிவாதமான பிராணி. தீவனத்தில் கொழுப்பையும் ஒன்றிரண்டு விழுக்காடு கொலஸ்ட்ராலையும் கலந்து, போதாததற்குக் கோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தையும் சேர்த்து, சில வாரங்கள் ஊட்டினால்தான் எண் ஏறும். நாங்கள் நெய்யும் தேங்காய் எண்ணெயும் கலந்து உருண்டை பிடித்தோம். ஆய்வுக்கூடம் தீபாவளிக்கு முந்தைய நாள் வீடுபோல மணக்கும். குறுக்குவழியும் உண்டு. டிரைட்டன் என்ற சோப்புத்தன்மையுள்ள வேதிப்பொருளை ஊசியில் ஏற்றினால், இரத்தத்திலிருக்கும் கொழுப்பை உடைக்கும் நொதி முடங்கி, ஒரே நாளில் கொழுப்பு குவிந்துவிடும். மலிவு, விரைவு. ஆனால் அத்தைக்குக் கொலஸ்ட்ரால் ஏறியது ஆண்டுக்கணக்கான சாப்பாட்டாலும் பரம்பரையாலும். ஒரு நாளில் ஊசியால் ஏற்றிய கொழுப்பை ஓர் இலை இறக்கியது என்பது அவரைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். கட்டுரையில் எந்த வழி என்று முதலில் பாருங்கள்.

இப்போது வருவதுதான் ஆய்வின் உயிர். "குறைந்தது" என்று யார் சொன்னாலும் "எதைவிட?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் எலிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறோம், குழுவுக்கு ஆறு என்ற கணக்கில். ஒரு குழு சாதாரணத் தீவனம் தின்னும். இயல்பு நிலை எது என்று காட்ட அது. இரண்டாவது குழு கொழுப்புத் தீவனம் மட்டும் தின்னும்; சாரம் கிடையாது. மூன்றாவது குழுவுக்குக் கொழுப்புத் தீவனத்தோடு ஏற்கெனவே நிரூபணமான மருந்து, பெரும்பாலும் அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஒரு ஸ்டாட்டின். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் கொழுப்புத் தீவனத்தோடு சாரம், ஒன்றுக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம், மற்றதற்கு 400.

புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லாரும் சாரக் குழுவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இரண்டாவது குழுதான் முக்கியம். ஒன்றும் பெறாத அந்த ஆறு எலிகள் இல்லாவிட்டால், மற்றவை பெற்றதற்குப் பொருளே இல்லை. ஒன்றும் பெறாதவை என்றால் உண்மையிலேயே ஒன்றும் பெறாதவை அல்ல. சாரம் தண்ணீரில் கரையாது என்பதால் பிசின்போன்ற ஒரு கலவையில் கூழாக்கி, முனை உருண்ட வளைந்த ஊசிக்குழலால் நேராக வயிற்றுக்குள் இறக்குவோம். தினமும் பிடித்துக் குழாய் விடுவதே எலிக்கு ஒரு கலவரம். அந்தக் கலவரமே இரத்தத்தை மாற்றலாம். அதனால் இரண்டாவது குழுவுக்கும் அதே நேரத்தில், அதே குழாயில், சாரமில்லாத கூழ் போகும். எந்த எலி எந்தக் குழுவுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். பிடிக்க எளிதான சாதுவான எலிகளை முதலில் எடுத்து முதல் குழுவில் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

இன்னொரு பொறி உண்டு, நானே விழுந்த பொறி. என் முதல் ஆய்வில் 400 மில்லிகிராம் குழுவின் கொலஸ்ட்ரால் அழகாக இறங்கியிருந்தது. கொண்டாட்டமாக மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எவ்வளவு தின்றன?" தீவனத்தை எடைபோட்டுக் குறித்து வைத்திருந்தேன், கூட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால், அந்தக் குழு மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைவாகத் தின்றிருந்தது. எடையும் ஏறவில்லை. சாரம் வயிற்றைக் கெடுத்ததோ, பசியை அடக்கியதோ, எதுவோ. கொழுப்புத் தீவனத்தைத் தின்னாத எலிக்குக் கொலஸ்ட்ரால் குறையத்தானே செய்யும். விரதம் இருந்த அத்தைக்குக் குறைந்ததுபோல.

ஐந்து அல்லது ஆறு வாரம் முடிந்ததும் இரவு முழுக்கப் பட்டினி போட்டு, மயக்கமூட்டி, இரத்தம் எடுப்போம். உறையவிட்டு வேகமாகச் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளியும். அதில் கொலஸ்ட்ராலை எப்படி அளப்பது? ஒரு நொதி கொலஸ்ட்ராலோடு ஒட்டியிருக்கும் கொழுப்பு அமிலத்தைக் கத்தரிக்கும். இரண்டாவது நொதி கொலஸ்ட்ராலை ஆக்சிஜனேற்றும். அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கும். மூன்றாவது நொதி அந்தப் பெராக்சைடைக் கொண்டு ஒரு நிறமற்ற பொருளைச் செந்நிறமாக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ கொலஸ்ட்ரால் அவ்வளவு. ஒளியைச் செலுத்தி அடர்த்தியை எண்ணாக்கிவிடுவார்கள். அத்தையின் இரத்தமும் பெரும்பாலும் இதே வழியில்தான் எண்ணாகியிருக்கும். எல்டிஎல்லைப் பல இடங்களில் நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பை 2.2ஆல் வகுத்து அதையும் கழிப்பார்கள். ஃபிரீடுவால்டு என்ற ஆய்வாளர் 1972-இல் மனிதர்களுக்காகப் போட்ட கணக்கு அது. எலிக்கும் அதையே கண்மூடிப் போடுகிறார்கள் என்பது வேறு கதை.

இரத்தத்தோடு நின்றுவிடக்கூடாது. கல்லீரலை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால், கொழுப்புத் தீவனக் குழுவில் செல்களுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள் தெரியும். கொழுப்பு இருந்த இடங்கள் அவை. இரத்தத்தில் குறைந்து கல்லீரலில் கூடியிருந்தால், சாரம் சரக்கை ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்றியது, அவ்வளவுதான். மலத்தையும் சேகரித்து அளந்தால், வெளியேறியதா என்று தெரியும். எலிப் புழுக்கையை எடைபோடுவதற்காக யாரும் பட்டம் படிக்க வருவதில்லை. ஆனால் இயங்கும் வழியைக் காட்டும் நல்ல தடயம் அங்கே இருக்கிறது.

புள்ளியியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு எலியில் ஒன்று தாறுமாறாக இருந்தால் சராசரியே சாய்ந்துவிடும். குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் தற்செயலாகவே இவ்வளவு பெரிதாக வருவது எவ்வளவு அரிது என்று கணக்கிட்டு, நூற்றில் ஐந்துக்கும் குறைவு என்றால் "குறிப்பிடத்தக்கது" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே "பெரியது" என்றோ "பயனுள்ளது" என்றோ பொருள் கிடையாது.

முருங்கைக்கு வந்த முடிவு என்ன? நைஜீரிய ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. கொழுப்புத் தீவனத்தோடு 30 நாள் முருங்கை இலைச் சாரம் பெற்ற எலிகளின் சீரம் கொலஸ்ட்ரால் சுமார் 14 விழுக்காடு குறைந்ததாக அதில் எழுதினார்கள். எதைவிட? கொழுப்புத் தீவனம் மட்டும் தின்ற எலிகளைவிட. நேர்மையான வாக்கியம். அதுவே ஊர் சுற்றி வரும்போது "முருங்கை குடித்தால் கொலஸ்ட்ரால் 14 விழுக்காடு குறையும்" என்று ஆகிவிடுகிறது. யாருக்கு, எதைவிட என்ற இரண்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிடும்.

எலி மனிதனைப் போன்றதா என்ற கேள்விக்கு, அகிரா எண்டோவின் கதையைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. ஜப்பானில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்த அவர் 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்து, கொலஸ்ட்ரால் உற்பத்தியை முடக்கும் ஒரு பொருளை 1973-இல் கண்டெடுத்தார். காம்பாக்டின் என்று பெயர். அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் இருந்தது அது. எலிக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். எலியின் கல்லீரல், முடக்கப்பட்ட நொதியைக் கூடுதலாகத் தயாரித்து ஈடுகட்டிவிட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது. முட்டையில் கொலஸ்ட்ரால் அதிகம், ஆகவே முட்டையிடும் கோழிக்கு அது நிறைய ஊற வேண்டும் என்று யோசித்து, 1976-இல் கோழிகளுக்குக் கொடுத்தார்கள், நன்றாக இறங்கியது. பிறகு நாய், பிறகு மனிதர். ஸ்டாட்டின் மாத்திரைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. எலியை மட்டும் நம்பியிருந்தால் அவை வந்தே இருக்காது.

எலிக்கு வேறு விநோதங்களும் உண்டு. அதற்குப் பித்தப்பை கிடையாது. அதன் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி எச்டிஎல்லில் பயணிக்கிறது, நமக்கு எல்டிஎல்லில். ஆகவே எலியின் மொத்தக் கொலஸ்ட்ரால் குறைந்தது என்றால், குறைந்தது நல்ல படகாகவும் இருக்கலாம். முயல் நேர்மாறு. 1913-இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்ட, அவற்றின் இரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டன. எலி சொன்னதை வெள்ளெலி எனப்படும் ஹாம்ஸ்டரிடமோ முயலிடமோ இன்னொரு முறை கேட்டுவிட்டு வருகிற ஆய்வுக்கு எடை கூடுதல்.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. பினாங்குச் சீனர்களின் மளிகைக் கடைகளில் அங்காக் என்ற சிவப்பரிசி விற்கும். பூஞ்சையில் நொதித்த அரிசி. கோழி சமைக்கவும் ஒயின் காய்ச்சவும் பயன்படுத்துவார்கள். அதிலுள்ள மொனாக்கோலின் கே என்ற பொருளும், 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் மாத்திரையும் வேதியியலில் ஒன்றே. இயற்கையானதுதானே என்று அதை மாத்திரை வடிவில் விழுங்குபவர், எழுதிக் கொடுக்காத ஸ்டாட்டினை விழுங்குகிறார், அளவும் தெரியாமல்.

அளவு என்றதும் கணக்குக்கு வருவோம். எலியின் உடல் வேகமாக இயங்குவது. அதற்கான மில்லிகிராம் கணக்கை மனிதருக்கு மாற்ற 6.2ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 400 என்பது மனிதருக்கு ஏறக்குறைய 65. அத்தையின் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 3.9 கிராம் சாரம். விளைச்சல் பத்து விழுக்காடு என்றால் அதற்கு 39 கிராம் காய்ந்த பொடி. பச்சை முருங்கை இலையில் முக்காலுக்கு மேல் தண்ணீர். ஆக 160 முதல் 190 கிராம்வரை உருவிய இலை வேண்டும், தினமும். அத்தையின் ஒரு கைப்பிடியை அவர் சமையலறைத் தராசிலேயே வைத்துப் பார்த்தோம்: 18 கிராம். அதோடு, அவர் இலையைத் தண்ணீரில் கொதிக்கவைக்கிறார். நான் கணக்குப் போட்டது எத்தனால் சாரத்துக்கு. எத்தனால் இழுத்ததில் எவ்வளவு தண்ணீரிலும் இறங்கும் என்பது தனிக் கேள்வி. அத்தை தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மனித ஆய்வு என்று வரும்போது "எதைவிட?" இன்னும் கூர்மையாகிறது. ஆர்ட்டிச்சோக் என்ற முள்செடியின் இலைச் சாரத்தை ஜெர்மனியில் 143 பேருக்குச் சோதித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் சாரம் எடுத்தவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 18.5 விழுக்காடு குறைந்தது. ஒன்றுமில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 8.6 விழுக்காடு குறைந்தது! ஆய்வில் சேர்ந்தாலே மனிதர்கள் கொஞ்சம் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள்; எண் மிக உயர்ந்திருக்கும் நாளில் பிடிக்கப்பட்டவர்களுக்கு அடுத்தமுறை தானாகவே சற்று இறங்கவும் செய்யும். ஆக இலையின் பங்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட பத்து விழுக்காடு மட்டுமே. குக்குலு பிசினின் கதை இதைவிடக் கசப்பு. ஆயுர்வேதத்தில் பெயர்பெற்ற பொருள், 1980களிலேயே இந்தியாவில் கொழுப்பைக் குறைக்கும் மருந்தாக விற்பனைக்கு வந்தது. 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிசின் எடுத்தவர்களின் எல்டிஎல் குறைவதற்குப் பதில் நான்கைந்து விழுக்காடு ஏறியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

"அப்படியென்றால் கடையில் விற்கும் முருங்கை மாத்திரைக்கு அரசாங்கம் எண் கொடுத்திருக்கிறதே?" என்று கேட்டார் அத்தை. டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கி, எண்களுக்குப் பின் டி என்று முடியும். பாரம்பரிய மருந்தாகப் பதிவு பெற்றது என்று அதற்குப் பொருள். தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டிருக்கின்றன; எண் இல்லாததை வாங்குவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் "பாரம்பரியமாகப் பயன்படுத்தப்படுவது" என்று டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டும். போலி மாத்திரையோடு மோதி வென்றது என்று அது சொல்லவில்லை.

முருங்கைக் கீரையைச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொரியலுக்கும் சாம்பாருக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர், தினமும் கஷாயமாகக் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. அத்தைக்கு இன்னும் மாத்திரை தொடங்கவில்லை. சாப்பாட்டைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லி, மே மாதம் மீண்டும் இரத்தம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"விரதம்தான் முடிந்துவிட்டதே. ரொட்டி சானாய் திரும்பிவிட்டது, கஷாயம் மட்டும் தொடரும். மே மாதம் தெரிந்துவிடுமா, முருகனா முருங்கையா என்று?" அத்தை விரலை மடக்கி எண்ணினார். ஒரே ஆளின் எண் ஒன்றும் செய்யாமலே ஐந்தாறு விழுக்காடு ஏறி இறங்கும் என்றேன். ஒரு எலியை வைத்து ஆய்வு செய்ய முடியாது, ஒப்பிட இன்னொன்று வேண்டும்.

"ஆக நான்தான் எலி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவரைக் கண்ணால் காட்டினார். "உன் மாமாவையும் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் எடுக்கிறேன். அதே ரொட்டி சானாய், அதே தே தாரிக். அவருக்குக் கஷாயம் மட்டும் கிடையாது."